பக்கவாத அபாயம்: மதிப்பெண்ணா, இதயப் பையின் வடிவமா?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோய்) உள்ளவருக்குப் பக்கவாதம் வருமா என்று கணிக்கும் சாட்ஸ்-வாஸ்க் மதிப்பெண்ணுக்குச் செலவே இல்லை. மேலூரிலிருந்து மதுரைக்கு வரும் 68 வயது ஆண், பிரஷரும் சுகரும் உண்டு: வயதுக்கு 1, பிரஷருக்கு 1, சுகருக்கு 1, ஆக 3. ஆணுக்கு 2 வந்தாலே ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தேவை. ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவருக்கு இந்தக் கணக்கே வேண்டாம், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரைதான்.

இன்னொரு வழியான வடிவ மாதிரி, ரத்தக்கட்டி பெரும்பாலும் உருவாகும் இடது மேலறையின் ஓரப் பையைப் பார்க்கிறது. சாயம் ஏற்றி எடுத்த சிடி படத்திலிருந்து பையைப் பிரித்து முப்பரிமாண உருவமாக ஆக்குகிறார்கள். கோழி இறக்கைபோல் மடிந்த பைக்கு அபாயம் குறைவு என்றது 2012-இல் வந்த ஓர் ஆய்வு. ஆனால் ஒருவர் கோழி இறக்கை என்பதை இன்னொருவர் காலிஃபிளவர் என்பார். அதனால் பையின் வாய் அகலம், மடிப்பின் கோணம், கொள்ளளவு என எண்ணாக அளப்பதே மேல். சாயம் மெதுவாக நிரம்பினால் பையின் நுனி படத்தில் விடுபடும், கட்டி போலவும் தெரியும்; சற்றுத் தாமதித்து மறுபடி எடுக்க வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்காமல் சாயம் ஏற்றக் கூடாது.

மதிப்பெண் 3 உள்ளவருக்கு, பை வடிவம் நல்லது என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. மதிப்பெண் 1-இல் நிற்கும் ஆணிடம் ஏற்கெனவே சிடி இருந்தால், அங்கே வடிவம் உதவலாம்.