லைஃப் டொமேனா, வார் டொமேனா?

சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமை இரவுகளில் பகடை உருட்டிக் கதை நடத்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை ஆட்டத்தை ஆடி வருகிறோம். இருவருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை என்பதால் பன்னிரண்டு மணிக்குள் மேசையை மடித்தாக வேண்டும். ஓர் இரவில் ஒன்று அல்லது இரண்டு சண்டைகளுக்கு மேல் நேரம் கிடைப்பதில்லை. புதிய கதைக்குக் கிளெரிக், அதாவது தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரிப் பாத்திரம் எடுக்கவிருந்த தம்பி, தெய்வத்தின் துறையாக (டொமேன்) குணப்படுத்தும் லைஃப் டொமேனை எடுப்பதா, போருக்கான வார் டொமேனை எடுப்பதா என்று கேட்டபோது, சேதக் கணக்கைப் போட்டுக் காட்டினால் போதுமென்றுதான் முதலில் நினைத்தேன். கணக்குப் போடத் தொடங்கிய பிறகே, விதியின் ஒவ்வொரு சொல்லையும் எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு தலைகீழாக மாறுவது புரிந்தது.

முதலில் ஆட்ட விதிகளின் 2014ஆம் ஆண்டுக் கையேட்டை எடுத்துக்கொள்வோம். இதில் பாத்திரத்தின் வளர்ச்சிக்கும் மந்திரத்தின் வலிமைக்கும் தனித்தனி ‘நிலை’ உண்டு. லைஃப் டொமேனின் முதல் வரம், முதல் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட மந்திரத்தால் ஓர் உயிருக்கு உயிர்ப்புள்ளிகளை மீட்டுத் தரும்போதெல்லாம், இரண்டுடன் மந்திரத்தின் நிலையைக் கூட்டி வரும் அளவு கூடுதலாகக் கிடைக்கும் என்கிறது. எங்கள் மேசையில் சண்டை மூண்டது ‘போதெல்லாம்’ என்ற சொல்லில்தான். ட்ரூயிட் என்னும் இயற்கை மந்திரவாதியின் பயிற்சியும் ஒரு நிலை பெற்ற கிளெரிக், குட்பெரி மந்திரத்தால் பத்துப் பழங்களை உண்டாக்குகிறார். பழம் ஒன்றுக்கு ஒரு புள்ளி. “அண்ணே, மந்திரம் ஒன்றுதானே, கூடுதலும் ஒரு தடவைதானே?” என்பது தம்பியின் வாதம். ஆனால், விதி மந்திரத்தைப் போடும் எண்ணிக்கையைப் பேசவில்லை, உயிர் மீளும் தருணத்தைப் பேசுகிறது. ஒவ்வொரு பழமும் தனித்தனியே உயிரை மீட்பதால், ஒவ்வொன்றும் நான்கு புள்ளி தரும். ஆட்டத்தின் விதி வடிவமைப்புக்குத் தலைமை வகித்த ஜெரமி கிராஃபோர்டின் அதிகாரபூர்வ விளக்கமும் இதையே சொல்கிறது. ஒரே ஒரு முதல் நிலை ஸ்லாட்டுக்கு (மந்திரம் போடச் செலவாகும் ஒதுக்கீடு) நாற்பது புள்ளிகள்! இரண்டாம் நிலையில் இருக்கும் நான்கு பாத்திரங்களின் உயிர்ப்புள்ளிகளைக் கூட்டினாலே ஏறத்தாழ எழுபதுதான் வரும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு வாசிப்பின் எடை விளங்கும். வாசிப்பு சரியானதே என்றாலும், மற்றவர்களின் மருந்துக் குப்பிகளை வெறும் அலங்காரமாக்கிவிடும் இந்த இணைப்பை எனக்குப் பிடிக்கவில்லை.

2024ஆம் ஆண்டுக் கையேடு இந்த வாசலை அடைத்துவிட்டது. ஸ்லாட் செலவழித்துப் போட்ட மந்திரமாக இருக்க வேண்டும், கூடுதல் புள்ளிகள் மந்திரம் போட்ட அதே டர்னில் (ஆடுபவரின் முறையில்) மட்டுமே சேரும் என்று அது வரையறுப்பதால், பையில் வைத்திருந்து மறுநாள் உண்ணும் பழத்துக்கு ஒரு புள்ளி மட்டுமே.

வார் டொமேன் பக்கம் வந்தால், 2014 விதியில் சிக்கல் வேறு விதமானது. டர்னில் ஒரு முதன்மைச் செயல் (ஆக்‌ஷன்) உண்டு; சில வரங்களும் மந்திரங்களும் கூடவே ஒரு சிறு செயலையும் (போனஸ் ஆக்‌ஷன்) தரும். தாக்குதல் ஆக்‌ஷன் எடுத்த டர்னில், போனஸ் ஆக்‌ஷனாக இன்னொரு முறை ஆயுதத்தால் தாக்கலாம். மந்திரம் போடுவது தாக்குதல் ஆக்‌ஷன் ஆகாது என்பதால், அந்த டர்னில் இந்த வரம் உறங்கிக்கொண்டிருக்கும். விஸ்டம் என்னும் ஞான எண் பதினாறு உள்ள கிளெரிக்குக்கு மூன்று முறை கிடைக்கும். 2014 விதிப்படி நீண்ட ஓய்வு எடுத்தால்தான் அவை திரும்பும். ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்கள் நடக்கும் என்பது ஆட்டத்தை நடத்துபவருக்கான கையேட்டின் அனுமானம். அந்த வேகத்தில் மூன்று என்பது கொசுறு. எங்களைப் போல ஒரு சண்டை முடிந்ததும் கூடாரம் அடித்துத் தூங்கிவிடும் குழுவுக்கோ மூன்றே தாராளம். எனவே இந்த டொமேன் வலுவானதா என்று கேட்பவரிடம், உங்கள் குழு எத்தனை சண்டைக்கு ஒருமுறை தூங்குகிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

மூன்றாம் நிலையில் இன்னொரு முரண் எழுகிறது. மிதக்கும் மாய ஆயுதத்தால் தாக்கும் ஸ்பிரிச்சுவல் வெப்பன் மந்திரம் இரண்டு டொமேன்களின் பட்டியலிலும் உண்டு. 2014 விதிப்படி அதற்கு மன ஒருமை (ஒரே நேரத்தில் ஒரு மந்திரத்துக்கு மட்டுமே கொடுக்க முடிவது) தேவையில்லை. ஒரு நிமிடம் முழுவதும் போனஸ் ஆக்‌ஷனில் தாக்கிக்கொண்டே இருக்கும். போனஸ் ஆக்‌ஷனோ டர்னுக்கு ஒன்றுதான். ஆகவே குணப்படுத்தும் பூசாரி போர்ப் பூசாரிக்கு நிகராக அடிக்கத் தொடங்கும் அந்த நிலையில், போர்ப் பூசாரியின் முதல் வரம் மந்திரத்தோடு இடத்துக்குப் போட்டியிட்டுத் தோற்கிறது.

பலரும் கவனிக்காத கை விதியையும் சொல்லியாக வேண்டும். ஒரு கையில் கதாயுதம், மறு கையில் புனிதச் சின்னம் பொறித்த கேடயம் என்று நிற்கும் கிளெரிக், பொருள் தேவைப்படும் மந்திரத்தின் சைகையைக் கேடயம் ஏந்திய கையாலேயே செய்யலாம். சைகை மட்டும் கேட்டுப் பொருள் கேட்காத மந்திரத்துக்கு வெறுங்கை வேண்டும். ஆயுதத்தை உறையிலிடாமல், காயம் ஆற்றும் கியூர் வூண்ட்ஸ் மந்திரத்தைப் போட முடியாது. லைஃப் பூசாரி இதிலிருந்து எளிதில் தப்புகிறார், ஏனெனில் குணப்படுத்தும் ஹீலிங் வேர்டு மந்திரத்துக்கு வாய்ச்சொல் போதும். வார் பூசாரிக்கு டொமேனே கொடுக்கும் டிவைன் ஃபேவர் மந்திரம், சைகை கேட்டுப் பொருள் கேட்காத வகை. போர்க்கடவுளின் அருளைப் பெற, போர்க்களத்தில் ஆயுதத்தை உள்ளே வைக்க வேண்டியிருக்கிறது! வார் காஸ்டர் என்னும் ஃபீட் (சிறப்புத் திறன்) இதைத் தீர்க்கும். அதுவரை ஆட்டத்தை நடத்துபவரின் தயவுதான்.

தெய்வ அருளை அளவான தடவைகள் அழைக்கும் சேனல் டிவினிட்டி என்னும் வரத்தில் மட்டும் வார் டொமேன் எனக்குப் பிடித்திருக்கிறது. பகடையில் விழுந்த எண்ணைப் பார்த்த பின், அடி பட்டதா என்று நடத்துபவர் அறிவிக்கும் முன், பத்தைக் கூட்டிக்கொள்ளலாம். விதி ‘தாக்குதல் உருட்டல்’ என்று சொல்கிறதே தவிர ஆயுதத் தாக்குதல் என்று குறுக்கவில்லை. கைடிங் போல்ட் மந்திரத்துக்கும் இது செல்லும். அடி படுவதற்கு உருட்டல் எட்ட வேண்டிய எதிரியின் கவச எண்ணை முன்கூட்டியே சொல்லிவிடும் பழக்கம் எங்கள் நடத்துநருக்கு உண்டு. அப்படிப்பட்ட மேசையில் இந்த வரம் வீணாவதே இல்லை. லைஃப் டொமேனின் பங்கு, கிளெரிக் நிலையின் ஐந்து மடங்குப் புள்ளிகளை முப்பது அடிக்குள் இருப்பவர்களுக்குப் பகிர்வது. யாரையும் பாதி உயிருக்கு மேல் அது ஏற்றாது; அது மந்திரமல்ல என்பதால் முதல் வரத்தின் கூடுதலும் சேராது.

தெய்வத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உயிர் காப்பது மாரியம்மன், ஆயுதம் ஏந்துவது முனீஸ்வரர் என்று தோட்டத்துக் கோயிலை அப்படியே மேசைக்குக் கொண்டுவரலாம் என்று ஒருவர் சொன்னார். தேத்தண்ணி வைத்துவிட்டுப் போன அவருடைய அம்மா, சாமியைப் பகடையில் உருட்டாதீர்கள் என்றார். கற்பனைத் தெய்வங்களோடு நிறுத்திக்கொண்டோம். விதிக்கு வேண்டியது டொமேன் மட்டுமே, பெயர் அல்ல.

 

இனி என் தீர்ப்பு. 2014 விதியில் ஆடுவதானால் லைஃப் டொமேனே மேல். 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளிவந்த விதித் தொகுப்பில் இருக்கும் ஒரே கிளெரிக் டொமேனும் அதுதான், புத்தகம் வாங்க வேண்டியதில்லை. 2024 விதியிலோ வார் டொமேனை எடுப்பேன். கூடுதல் தாக்குதல்கள் குறு ஓய்விலேயே திரும்புகின்றன. ஸ்பிரிச்சுவல் வெப்பன் எல்லோருக்கும் மன ஒருமை கேட்கும்போது, ஆறாம் நிலையிலிருந்து வார் பூசாரி மட்டும் சேனல் டிவினிட்டியைச் செலவழித்து மன ஒருமை இல்லாமலே அதைப் போடுகிறார். எங்கள் மேசையில் இருப்பது பழைய கையேடு. தம்பி லைஃப் டொமேனை எழுதிக்கொண்டான், பழத்துக்கு ஒரு புள்ளிதான் என்ற ஒப்பந்தத்தோடு.