இடுப்பு மூட்டு ஆபரேஷன் முடிந்த ஒருவரை வாடகைக் காரில் அழைத்துவரப் போகிறீர்களா? எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

பாண்டியிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு நான் ஏற்பாடு செய்த வாடகைக் காரால் என் அம்மா ஒரே வாரத்தில் இரண்டாவது முறை ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார். புகார் கொடுத்திருப்பதால் ட்ராவல்ஸின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரிவதைவிட, எப்படி ஏமாந்தோம் என்று தெரிவதுதான் உங்களுக்கு உதவும்.

அம்மாவுக்கு 68 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பு, இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதியில் முறிந்துவிட்டது. பாண்டியில் ஒரு மருத்துவமனையில் மூட்டை முழுவதுமாக மாற்றினார்கள். மறுநாளே வாக்கர் பிடித்து நின்றார். ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ். பிசியோதெரபி செய்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. ஆபரேஷன் செய்த காலின் பாதம் உள்பக்கமாகத் திரும்பக் கூடாது. பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்பதால் அங்கே வெட்டித் தைத்த தசைகள் ஆற வேண்டும். முதல் 6 முதல் 12 வாரம் வரை, புதிதாக வைத்த மூட்டின் பந்து, அதன் கிண்ணத்திலிருந்து நழுவிவிடும் பயம் அதிகம். "முட்டியவிட இடுப்பு எப்பவும் ஒசரமா இருக்கணும்க்கா. கார்ல ஏத்தும்போதும் அதேதான்" என்றார்.

அதனால்தான் மூன்று நாள் முன்னாலேயே வண்டிக்குச் சொன்னேன். தெரிந்தவர் கொடுத்த நம்பர்தான். ஆபரேஷன் விவரம் எல்லாம் சொல்லி, சீட் உயரமாக இருக்க வேண்டும், முன் சீட் நன்றாகப் பின்னால் போக வேண்டும், வாக்கர் வைக்க இடம் வேண்டும் என்று கேட்டேன். "மேடம், நாங்க ஆஸ்பத்திரி கேஸ் தெனமும் ஏத்துறோம். இன்னோவா அனுப்புறேன், அம்மா சோபாவுல உக்காந்த மாரி வருவாங்க" என்றார் ட்ராவல்ஸ் ஓனர். வாடகை 2,200 ரூபாய், 1,000 அட்வான்ஸ். உடனே ஜிபே செய்தேன். பேசியது எல்லாம் போனில்தான். "இன்னோவா" என்ற ஒரு வார்த்தையைக்கூட எழுத்தில் வாங்கவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வாசலில் வந்து நின்றது ஒரு சின்ன கார். சீட் தரையோடு தரையாக இருந்தது. டிக்கி முழுக்க கேஸ் சிலிண்டர். ஓனருக்குப் போன் செய்தால், "பெரிய வண்டி பிரேக்டவுன் மேடம், இதுல அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க, அரை மணி நேரந்தானே" என்றார். அதற்குள் பில் கட்டி, படுக்கையைக் காலி செய்து, வார்டில் வேறு நோயாளி வந்தாயிற்று. அம்மா வீல்சேரில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். அட்வான்ஸ் போனால் போகிறது, வேறு வண்டி வரும்வரை காத்திருப்போம் என்று சொல்ல அந்த நேரத்தில் எனக்குத் துணிவு வரவில்லை. இன்றுவரை அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

முன் சீட்டைப் பின்னால் தள்ளும் லீவர் வேலை செய்யவில்லை. பின்சீட்டில்தான் ஏற்ற முடிந்தது. வாக்கரை மடித்து முன் சீட்டில் போட்டோம். முன் சீட்டின் முதுகு அம்மாவின் முட்டியில் இடித்தது. முட்டி மேலே, இடுப்பு கீழே. பிசியோ சொன்னதற்கு நேர் தலைகீழ்.

முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம் என்று ஒவ்வொரு ஊரிலும் வேகத்தடை வரும்போதெல்லாம் அம்மா என் கையை இறுக்கினார். "மெதுவா போங்க தம்பி" என்று நான்கைந்து முறை சொன்னேன். "மூணு மணிக்கு ஏர்போர்ட் டிரிப் இருக்குக்கா" என்றான் டிரைவர். முள்ளோடை வந்ததும் ஓரங்கட்டினான். தமிழ்நாட்டுக்குள் போக பர்மிட் போட வேண்டும், 400 ரூபாய் தனி என்றான். கொடுத்தேன். ஆல்பேட்டை செக்போஸ்ட் நெருங்கும்போது பின்னால் திரும்பி, "போலீஸ் கேட்டா நான் உங்க சொந்தக்காரன்னு சொல்லுங்கக்கா" என்றான். அப்போதுதான் உறைத்தது. வண்டியின் நம்பர் பிளேட் வெள்ளை. அது வாடகை வண்டியே இல்லை. சொந்த உபயோகத்துக்கான வண்டிக்கு வாடகை வண்டி பர்மிட் எங்கிருந்து வரும்? செக்போஸ்டில் பாண்டிச் சரக்கு இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு விட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவை எப்படியாவது வீட்டில் சேர்த்தால் போதும் என்றிருந்தது.

வீட்டு வாசலில் இறக்கும்போதுதான் அது நடந்தது. தெரு சாக்கடைப் பக்கம் சரிவு. வண்டி அந்தப் பக்கமே சாய்ந்து நின்றது. தள்ளி நிறுத்தச் சொன்னேன், கேட்கவில்லை. பள்ளத்தில் இருந்த சீட்டிலிருந்து எழ அம்மா முன்னால் குனிந்து என் தோளைப் பிடித்தார். பாதம் முன் சீட்டுக்கு அடியில் மாட்டி உள்பக்கமாகத் திரும்பியிருந்ததை நான் பார்க்கவில்லை. உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். அம்மா அலறிய அலறலில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது, முட்டியும் பாதமும் உள்ளே திரும்பிக் கிடந்தன. இப்படி ஆனால் மூட்டு விலகியிருக்கிறது என்று அர்த்தம். தூக்கி நிறுத்தவோ காலை நேராக்கவோ முயலாதீர்கள். உடனே 108.

எக்ஸ்ரே எடுத்ததும் திரும்ப பாண்டி. மயக்கம் கொடுத்து, தையலைப் பிரிக்காமலே காலை இழுத்து மூட்டைக் கிண்ணத்தில் உட்கார வைத்தார்கள். இடுப்பிலிருந்து தொடைவரை மூட்டைப் பிடித்து வைக்கும் பட்டை (பிரேஸ்). ஒருமுறை விலகிய மூட்டு மறுபடி விலக வாய்ப்பு கூடுதல் என்று டாக்டர் சொன்னார். அம்மா இப்போது கட்டிலில் திரும்பிப் படுக்கவே பயப்படுகிறார்.

ஓனரிடம் கேட்டேன். "ஏத்துனதும் எறக்குனதும் நீங்கதானே" என்று சொல்லி நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

இரண்டாவது டிஸ்சார்ஜுக்கு கடலூரிலேயே மஞ்சள் போர்டு வண்டி வைத்திருக்கும் ஒரு அண்ணனைப் பிடித்தேன். அம்மாவின் முட்டிமடக்கு தரையிலிருந்து 17 அங்குலம். அவர் வண்டி சீட் அதைவிட உயரம்தான் என்று டேப்பால் அளந்து வீடியோ அனுப்பினார். அதற்காக ஆக உயரமான வண்டியும் வேண்டாம். படி ஏறித்தான் உட்கார வேண்டுமென்றால் அதுவும் ஆபத்து. வண்டி போர்ட்டிகோவுக்கு வந்து, நான் கண்ணால் பார்த்த பிறகுதான் படுக்கையைக் காலி செய்யச் சம்மதித்தேன்.

முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, முதுகைச் சாய்த்து, அமுங்காத கெட்டி மெத்தை ஒன்றைப் போட்டோம். மேலே ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் உட்கார்ந்தால் உடம்பு வழுக்கிக்கொண்டு திரும்பும். சமதரையில், நடைபாதை விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்தினோம். அம்மா வாக்கரோடு பின்னாலேயே வந்து, காலின் பின்புறம் சீட்டில் படும்வரை நகர்ந்தார். ஆபரேஷன் காலை முன்னால் நீட்டியபடி, ஒரு கை சீட்டின் முதுகில், ஒரு கை டேஷ்போர்டில் வைத்து முதலில் உட்கார்ந்தார். கதவைப் பிடிக்க விடவில்லை, அது அசையும். பிறகு பின்னால் சாய்ந்தபடியே உடம்பையும் காலையும் ஒன்றாகத் திருப்பினோம். கிளம்பும் முன் பிளாஸ்டிக்கை உருவிவிட்டோம், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது முன்னால் வழுக்கும். இறங்கும்போது இதே வரிசை தலைகீழாக. வழியெல்லாம் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னேன், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க. சென்னை, வேலூர் என்று தூரம் போகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மணிக்கொரு முறை நிறுத்தி நாலு அடி நடக்க வையுங்கள்.

வண்டி வந்ததும் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டிரைவரோடு வரும் வாடகைக் கார் என்றால் (எலெக்ட்ரிக் வண்டி தவிர) மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்து. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டினால் சொந்த வண்டிக்கான இன்சூரன்ஸ் அந்த உபயோகத்துக்குச் செல்லாது. விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியது நாம்தான்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அடுத்து கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. ட்ராவல்ஸ் பாண்டியில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 2 வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. என்னிடம் இருப்பது ஜிபே ரசீது, அந்தக் காரின் படம் ஒன்று, இரண்டு எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் தாள்கள். இன்னோவா அனுப்புகிறேன் என்று அவர் சொன்னதற்கு மட்டும் என் கையில் எதுவும் இல்லை. நீங்கள் வண்டிக்குச் சொல்லும்போது போனை வைத்த கையோடு, என்ன வண்டி, எத்தனை ரூபாய், பர்மிட் சேர்த்தா இல்லையா என்று ஒரு வாட்ஸாப் செய்தி போட்டு, அவரிடம் 'சரி' என்று பதில் வாங்கிவிடுங்கள்.