ஃபார்மேட் அடிக்கலாமா? ஒன்பது வருட வீட்டு சிஸ்டத்தோடு என் அனுபவம்

போன வாரம் அத்தை மகன் தஞ்சாவூரிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, வீட்டு சிஸ்டம் ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது. கடையில காட்டினா, ஃபார்மேட் அடிச்சுப் புதுசா விண்டோஸ் போட்டுடலாம்கிறாங்க. போட்டுடவா?"

"வேண்டாம்டா, கொஞ்சம் பொறு" என்றேன். ஏன் என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை அது. கும்பகோணத்தில் எங்கள் வீட்டு சிஸ்டம் 2017-இல் வாங்கியது. இதுவரை இரண்டு முறை ஃபார்மேட் அடித்தாயிற்று. மூன்றாவது முறை அடிப்பதா வேண்டாமா என்று எட்டு மாதமாக நானே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அந்தக் காலத்து வீட்டு சிஸ்டம் எல்லாம் இப்படித்தான் இருக்கும். என்னைவிட அப்பாதான் அதிகம் பயன்படுத்துகிறார். எங்கள் ஊர் வயல்களுக்கு இருந்த பெயர்களை, எது யார் பங்கு, எந்த வாய்க்காலில் பாய்ந்தது என்ற விவரத்தோடு வருஷக்கணக்காகத் தொகுத்துக்கொண்டிருக்கிறார். பாமினி எழுத்துருவில் பழகிய கை அவருடையது. எந்த சிஸ்டத்திலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன் என்று பலமுறை சொல்லிவிட்டேன். முடித்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பார்.

முதல் ஃபார்மேட் 2019-இல். கடையில் கொடுத்தோம். "டி டிரைவ்ல இருக்கறது எதுவும் போகாது மேடம்" என்றார்கள். உண்மைதான், போகவில்லை. ஆனால் ஃபார்மேட்டில் அழிவது சி டிரைவ், டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் அதில்தான் இருக்கின்றன என்பதை அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கு எல்லாம் கண்ணில் பட வேண்டும், அதனால் டெஸ்க்டாப்பில்தான் வைப்பார். நாற்பது பக்கம் போயிற்று. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை பீரோவிலிருந்து பழைய நோட்டை எடுத்து, முதல் பெயரிலிருந்து திரும்ப அடிக்க உட்கார்ந்தார். அந்தக் கடை மீது எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

அதற்கும் முன்னால் ஒரு அதிர்ச்சி. பென் டிரைவில் தப்பித்திருந்த ஒரே கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஏதோ ஓடுகிறது. பாமினியில் அதுதான் 'அம்மா'. எழுத்துரு இல்லாவிட்டால் அம்மாவும் வெறும் ஆங்கில எழுத்துகள்தான். கோப்பு கெட்டுவிட்டது என்று அப்பா பயந்துபோனார். பாமினியைத் தேடி இறக்கிப் போட்ட பிறகுதான் முகம் தெளிந்தது. விண்டோஸ் போடுகிறவர் அதை மட்டும்தான் போட்டுத் தருவார். நாம் இத்தனை வருஷம் சேர்த்த எழுத்துரு, விசைப்பலகை, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் நம் தலையில்தான்.

இரண்டாவது முறை 2022-இல் நானே செய்தேன். செட்டிங்ஸில் ரிகவரி பகுதிக்குப் போனால் 'ரீசெட்' என்று இருக்கும். அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சொந்தக் கோப்புகள் தங்கும், நாம் போட்ட புரோகிராம்கள் எல்லாம் போய்விடும். போனவற்றின் பட்டியலை டெஸ்க்டாப்பிலேயே ஒரு கோப்பாக வைத்துவிடுகிறது. நல்ல ஏற்பாடு. சிஸ்டமும் பறந்தது. நான்கு மாதம் கழித்துப் பழைய குருடி கதவைத் திறடி.

இங்கேதான் நான் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். போன தீபாவளிக்கு முந்தைய வாரம், ஆன் செய்துவிட்டு காபி போட்டுக் குடித்து முடித்தும் மவுஸ் நகரவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். சிபியு சும்மா இருக்கிறது. டிஸ்க் மட்டும் 100 சதவீதம், சிவப்பாக. அப்படி என்ன வேலை என்று பார்த்தால் நொடிக்கு ஒரு எம்பிகூடப் படிக்கவில்லை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. அதைப் போட்டால் மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்று காட்டியது. சரியாகப் படிக்க முடியாத செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள், சேர்ந்துகொண்டே போயிருக்கின்றன. அவற்றை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது, அதுவரை விண்டோஸ் காத்துக்கிடக்கிறது. அதே டிஸ்க்கில் எத்தனை முறை புதுசு போட்டால் என்ன?

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும் இன்னொரு 4 ஜிபி ராமும் வாங்கினேன். ஃபார்மேட் அடிக்கவில்லை. சி டிரைவை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன், அதாவது முழு நகல், எடுத்தேன். டி டிரைவில் இருந்ததை வெளி டிஸ்க்குக்கு மாற்றினேன். டிஸ்க் மாறினால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடுதான் கட்டுண்டிருக்கிறது. ஆறு நிமிடம் எடுத்தது இருபத்திரண்டு விநாடியில் வந்து நின்றது. அதைவிட எனக்குச் சந்தோஷம், வேறெதுவும் மாறவில்லை என்பது. திரையில் அதே அம்மா படம். வேர்டைத் திறந்தால் எழுத்துருப் பட்டியலில் பாமினி. அப்பா உட்கார்ந்தார், விட்ட வரியிலிருந்து அடித்தார். என்ன செய்தேன் என்றுகூடக் கேட்கவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால், ஃபார்மேட் தேவையே இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

ஆனால் குளோன் எடுத்தால் குப்பையும் கூடவே வரும். முன்பு ஒரு பிரிண்டர் வைத்திருந்தோம். ரிப்பேராகி எடைக்குப் போட்டாயிற்று. அதன் மென்பொருளை நீக்கப் போனால் பாதியில் நின்றுவிட்டது. அன்று முதல் ஆன் செய்யும்போதெல்லாம் ஒரு சின்னப் பெட்டி வருகிறது, ஏதோ மாட்யூலைக் காணோம் என்று. ஆன் ஆகும்போது தானாக ஓடுகிறவற்றைப் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு அந்த வரியை எடுத்தேன், போயிற்று. இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் தேடி எடுத்தேன். மறுபடி வந்தது. எனக்கு அது ஒரு கிளிக்தான். அப்பாவுக்கு அப்படி இல்லை. நாற்பது பக்கம் போன மனுஷன். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவார். "அம்மாடி, மறுபடியும் வந்துருக்கு, நான் ஒண்ணும் செய்யலையே" என்று அடுப்படி வரை வந்து சொல்வார். தினமும். இந்த ஒன்று மட்டும் எனக்குத் தாங்கவில்லை.

காலக்கெடு வேறு இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்திருப்பதால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை பிராசஸரிலிருந்துதான், ஒரு தலைமுறையில் தவறிவிட்டோம். குறுக்கு வழியில் போடலாம் என்கிறார்கள், அப்பாவின் சிஸ்டத்தில் எனக்கு அந்தப் பரீட்சை வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். எனக்கு வேண்டிய தமிழ்99 விசைப்பலகை வந்தது, பாமினியும் ஏறியது. வேர்டுக்குப் பதிலான லிப்ரெ ஆஃபீஸில் அப்பாவின் கோப்பு திறந்தது, பக்கங்கள் மட்டும் அங்கங்கே நகர்ந்திருந்தன. அவர் அதை உடனே கண்டுபிடித்துவிட்டார்.

இருந்தாலும் முடிவு செய்துவிட்டேன். வேகத்தில் குறையே இல்லாத சிஸ்டத்தை ஆடிப்பெருக்கு முடிந்த ஞாயிற்றுக்கிழமை அழித்து மின்ட் போடப்போகிறேன். பக்கங்களை நானே உட்கார்ந்து சரிசெய்து தருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். டெஸ்க்டாப்பின் நகல் இரண்டு இடத்தில் இருக்கிறது, பாமினி தனியாக ஒரு பென் டிரைவில். நோட்டை மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று அவரே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அத்தை மகனிடம் முதலில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிஸ்க்கைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். நேற்று ராத்திரி அனுப்பினான். நீல நிறம், 'குட்' என்று இருக்கிறது. அவன் டிஸ்க்கில் பழுதில்லை. திரையின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்றை எடுத்துவிட்டு ஒரு வாரம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.