பைத்தானின் சிஎம்டி மாட்யூல்: கட்டளைக்கு ஒரு மெத்தட் போதுமா, ஒரு கிளாஸ் வேண்டுமா?

டர்பனில் ஒரு மசாலாக் கடைக்கு இருப்புக் கணக்கு பார்க்கும் ஷெல் (கட்டளைகளை வரிவரியாக வாங்கி ஓட்டும் புரோகிராம்) எழுதினாலும், ஜோகானஸ்பர்க் அலுவலகத்தில் சர்வர்களைக் கவனிக்கும் கருவி எழுதினாலும், முதலில் கைக்கு வருவது பைத்தானோடு கூடவே கிடைக்கும் சிஎம்டி (cmd) மாட்யூல்தான். தனியாக எதையும் இறக்க வேண்டாம். இணையம் இல்லாத மெஷினிலும் ஓடும். பைத்தானின் டீபகரான, அதாவது பிழை தேடும் கருவியான, பிடிபி இதன்மேல் கட்டப்பட்டது. என் கணிப்பு இது: வரியை வாங்கி, பிரித்து, கட்டளையிடம் ஒப்படைக்கும் சுழற்சிக்கு சிஎம்டி உறுதியான அடித்தளம். ஆனால் கட்டளைகளையே அதற்குள் வைத்தால் பத்துக் கட்டளைக்கு மேல் தாங்காது. அதற்கு மேலே மெல்லியதாக ஒரு கட்டளைக் கிளாஸ் அடுக்கு போட வேண்டும்.

அடிப்படை ஏற்பாடு எளிது. ஷெல் கிளாஸுக்குள் டூ_ என்று தொடங்கும் ஒவ்வொரு மெத்தடும் ஒரு கட்டளை. அதன் டாக்ஸ்ட்ரிங் ஹெல்ப்பில் வரும், கம்ப்ளீட்_ என்று தொடங்கும் மெத்தட் டேப் நிரப்புதலைக் கவனிக்கும். அரை மணி நேரத்தில் ஓடும் ஷெல் கையில் இருக்கும்.

அதன் இயல்புநிலைகள் சிலவற்றை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். வெறும் என்டர் தட்டினால் சிஎம்டி சும்மா இருக்காது, கடைசிக் கட்டளையைத் திரும்ப ஓட்டும். டீபகரில் அது வசதி. விற்பனைப் பதிவில் ஒரே பில் இரண்டு முறை ஏறும். எம்ப்டிலைன் மெத்தடை ஒன்றும் செய்யாதபடி எழுதிவிடுங்கள். அடுத்தது மெத்தட் திருப்பித் தரும் மதிப்பு: உண்மையான எந்த மதிப்பைத் தந்தாலும் ஷெல் மூடிக்கொள்ளும். கணக்கிட்ட தொகையைப் பழக்கத்தில் ரிட்டர்ன் செய்தால், தொகை பூஜ்யமாக இருக்கும்போது ஷெல் தொடர்ந்து ஓடும், இல்லாவிட்டால் வெளியேறும். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகும். கன்ட்ரோல்-டி அழுத்தினால் சிஎம்டி அதை இஓஎஃப் என்ற கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெயரில் மெத்தட் இல்லையென்றால் 'அன்நோன் சின்டாக்ஸ்' என்ற செய்தி வரும். ஃபைலிலிருந்து பைப் வழியாகக் கட்டளைகளை ஊட்டியிருந்தால் அந்தச் செய்தியே முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

கட்டளைக்குள் எழும் எக்ஸெப்ஷன் பிடிபடாவிட்டால் முழு ஷெல்லும் விழும். ஒரு கட்டளை வரியை ஓட்டும் ஒன்சிஎம்டி மெத்தடை ஓவர்ரைடு செய்து அங்கே ட்ரை போடுங்கள். ஆனால் பிராம்ப்டில் காத்திருக்கும்போது கன்ட்ரோல்-சி அழுத்தினால் அது ஒன்சிஎம்டிக்கு வெளியே எழும். ஆகவே முழுச் சுழற்சியையும் ஓட்டும் சிஎம்டிலூப்பையும் ஒரு வைல் சுழற்சிக்குள் வைக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் இன்ட்ரோவைக் காலி செய்யாவிட்டால் வரவேற்புரை மறுபடியும் வரும்.

தமிழில் கட்டளை வைக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இனி வருவது. பைத்தான் 3 தமிழ் அடையாளப் பெயர்களை ஏற்கும். டூ_விற்பனை என்று மெத்தட் எழுதினால் கம்பைலர் மறுக்காது. ஆனால் ஷெல்லில் விற்பனை என்று அடித்தால் வேலை செய்யாது. காரணம் ஐடென்ட்சார்ஸ் என்ற பட்டியல். ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே அதில் உண்டு. பார்ஸ்லைன் அந்தப் பட்டியலில் உள்ள குறிகளை மட்டும் சேர்த்துக் கட்டளைப் பெயரைப் பிரிக்கிறது. தமிழ் எழுத்தில் தொடங்கும் வரிக்குப் பெயரே கிடைக்காமல் நேராக, தெரியாத வரிகளைக் கவனிக்கும் டிஃபால்ட் மெத்தடுக்குப் போய்விடும். பட்டியலில் உயிரும் மெய்யும் சேர்த்தால் சரியாகும் என்று நினைப்பதும் பலிக்காது. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் தனிக் குறிகள். விற்பனை என்ற சொல் முதல் எழுத்தின் இகரக் குறியிலேயே அறுந்துவிடும். இஸ்ஆல்நம் வைத்துச் சோதித்தாலும் இதே கதிதான், அந்தக் குறிகளுக்கு அது 'இல்லை' என்றே சொல்லும். பட்டியலை விட்டுவிட்டு, பார்ஸ்லைனை ஓவர்ரைடு செய்து முதல் இடைவெளி வரை உள்ளதைப் பெயராக எடுப்பதுதான் சரியான வழி. கேள்விக்குறி ஹெல்ப்பாக மாறும் வசதியும் அதே மெத்தடில்தான் இருக்கிறது, அதை மறக்காமல் திரும்ப எழுதுங்கள்.

அதோடு முடியவில்லை. கொள்முதல் என்ற கட்டளையை எடுத்துக்கொள்வோம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மூலநிரலில் உள்ள மெத்தட் பெயரை பைத்தான் தானே சீராக்கி ஒற்றைக் குறியீடாக்கும். பயனர் அடித்த வரியை அப்படிச் சீராக்காது. அதனால் வேறெங்கிருந்தோ ஒட்டிய கொள்முதல் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று திரும்பக்கூடும். பார்ஸ்லைனின் முதல் வரியிலேயே யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் கொண்டு குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். ஹெல்ப் பட்டியலும் கோணும். சிஎம்டி நீளத்தை எழுத்தில் எண்ணாமல் குறியீட்டில் எண்ணுகிறது. கொள்முதல் கண்ணுக்கு 5 எழுத்து, அதற்கு 9. பத்தி பிரிக்காமல் வரிக்கு ஒரு கட்டளையாக அச்சிடுவதே நல்லது.

இனி கிளாஸ் அடுக்கு. கட்டளை என்று ஓர் அடிப்படைக் கிளாஸ் எழுதுங்கள். பெயர், மாற்றுப்பெயர்கள், பிரிவு, ஒருவரி விளக்கம் ஆகியவை கிளாஸ் மாறிகள். அளவுருக்களைச் சொல்லும் மெத்தட் ஒன்று, ஓட்டும் மெத்தட் ஒன்று, நிரப்பும் மெத்தட் ஒன்று. ரூபியின் பிரை ஷெல்லில் உள்ள கட்டளைக் கிளாஸ் ஏறக்குறைய இதே அமைப்புதான், அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது பயன் தரும். பைத்தான் 3.6 முதல் உள்ள இனிட்_சப்கிளாஸ் கொக்கியால், துணைக்கிளாஸ் உருவாகும்போதே கட்டளைகளின் பதிவேட்டில் ஏறும்படி செய்யலாம். பெயர் மாறியைத் தானே அறிவிக்காத கிளாஸைப் பதியாதீர்கள். இல்லாவிட்டால் இடைநிலை அடிப்படைக் கிளாஸ்களும் கட்டளையாகிவிடும். பெயரோ மாற்றுப்பெயரோ ஏற்கெனவே இருந்தால் அங்கேயே எக்ஸெப்ஷன் எழுப்புங்கள். ஒரே கிளாஸ் ரீலோடு ஆகும்போது மட்டும் விட்டுவிடலாம்; மாட்யூல் பெயரையும் கிளாஸ் பெயரையும் ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும். இன்னொன்று: இம்போர்ட் ஆகாத ஃபைலில் உள்ள கட்டளை பதிவேட்டுக்கு வராது. கட்டளைகளை ஒரே பேக்கேஜில் வைத்து, ஷெல் தொடங்கும்போது பிகேஜியூட்டில் கொண்டு எல்லா மாட்யூல்களையும் இம்போர்ட் செய்யுங்கள்.

ஒவ்வொரு முறை கட்டளை ஓடும்போதும் புதிய ஆப்ஜெக்ட் உருவாக்குவது முக்கியம். பழைய ஆப்ஜெக்டையே மீண்டும் ஓட்டினால் முந்தைய வாடிக்கையாளரின் அளவு அடுத்த பில்லில் எட்டிப்பார்க்கும். டேட்டாபேஸ் இணைப்பு, வெளியீட்டு ஸ்ட்ரீம், வாட் விகிதம் போன்றவை தனி அமர்வு ஆப்ஜெக்டில் இருக்கட்டும். தென்னாப்பிரிக்காவில் மசாலாப் பொடிக்கு 15% வாட், அரிசிக்கும் பருப்புக்கும் 0. இதைக் கட்டளைக்குள் எழுதக் கூடாது. பதிவேட்டை ஷெல்லோடு இணைக்கும்போது செட்ஆட்டர் வைத்து ஷெல் ஆப்ஜெக்டில் மெத்தட் ஒட்டுபவர்கள் உண்டு. கட்டளை ஓடும், ஹெல்ப்பிலும் டேப்பிலும் வராது. சிஎம்டி பெயர்களைக் கிளாஸில் மட்டுமே தேடுவதுதான் காரணம். ஒன்சிஎம்டி, கம்ப்ளீட்நேம்ஸ், டூ_ஹெல்ப் மூன்றையும் பதிவேட்டைப் பார்க்கும்படி ஓவர்ரைடு செய்யுங்கள்.

அளவுருக்களைப் பிரிக்க பைத்தானோடு வரும் ஆர்க்பார்ஸ் மாட்யூல் போதும், ஆனால் அது தனி புரோகிராமுக்காக எழுதப்பட்டது. தவறான அளவுரு வந்தால் சிஸ்டம்எக்ஸிட் எழுப்பும். சாதாரண 'எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்' அதைப் பிடிக்காது. ஹெல்ப் கேட்டாலும் அப்படித்தான் வெளியேறும். ஒன்சிஎம்டியில் சிஸ்டம்எக்ஸிட்டைத் தனியாகப் பிடியுங்கள். 3.9 பதிப்பில் வந்த எக்ஸிட்_ஆன்_எரர் அமைப்பை மட்டும் நம்பாதீர்கள், ஹெல்ப்புக்கு அது பொருந்தாது. வரியை எஸ்எச்லெக்ஸ் மாட்யூல் கொண்டு சொற்களாகப் பிரித்தால் மூடாத மேற்கோள் குறிக்கு வேல்யூஎரர் வரும், விண்டோஸ் பாதைகளின் பின்சாய்வுக்கோடு விழுங்கப்படும்.

நம் தென்னாப்பிரிக்காவில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவதால் இன்னொரு சிக்கல். 45,50 என்று அடித்தால் டெசிமலும் ஃப்ளோட்டும் மறுக்கும். ஆர்க்பார்ஸில் டைப் என்ற இடத்தில் காற்புள்ளியைப் புள்ளியாக்கும் சிறு ஃபங்ஷனைக் கொடுங்கள். திரும்பி வந்த சரக்கை -2,5 என்று பதிந்தால் அது கூடக் காப்பாற்றாது. முன்னால் கழித்தல் குறி இருப்பதாலும் எண் வடிவில் இல்லாததாலும் பல பைத்தான் பதிப்புகளில் ஆர்க்பார்ஸ் அதை ஆப்ஷன் என்று எண்ணும், டைப் ஃபங்ஷன் வரை போகவே போகாது. பிரித்த சொற்களை ஆர்க்பார்ஸிடம் தருவதற்கு முன்பே மாற்ற வேண்டும். 1 250,00 என்று இடைவெளி விட்டு எழுதினால் இரண்டு அளவுருவாகும்.

ஹிஸ்டரியை, சுழற்சி முடிந்ததும் ஓடும் போஸ்ட்லூப்பில் சேமிப்பது வழக்கம். எக்ஸெப்ஷனில் ஷெல் விழுந்தால் போஸ்ட்லூப் ஓடாது. லோட் ஷெடிங் என்ற மின்வெட்டில் கணினி அணைந்தால், புரோகிராம் முடியும்போது ஓட வேண்டிய ஏட்எக்ஸிட்டும் ஓடாது. ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் போஸ்ட்சிஎம்டியில், வரி உள்ளீட்டைக் கவனிக்கும் ரீட்லைன் மாட்யூலின் அப்பென்ட்_ஹிஸ்டரி_ஃபைல் மூலம் ஒரு வரி சேர்ப்பதே பாதுகாப்பு. அந்த ஃபைல் முன்பே இருக்க வேண்டும் என்பதால் தொடக்கத்தில் காலி ஃபைலை உருவாக்கிவிடுங்கள். விண்டோஸில் ரீட்லைன் கிடையாது. அங்கே சிஎம்டி எதுவும் சொல்லாமல் டேப் இல்லாமல் ஓடும். நிரப்பும் மெத்தடில் பிழை இருந்தாலும் செய்தி வராது, டேப் பதில் தராமல் இருக்கும். அந்த மெத்தடைத் தனியாக அழைத்துப் பார்த்தால்தான் பிழை தெரியும்.

ஷெல் கட்டளைகளோடு பைத்தான் வரிகளையும் ஓட்ட வேண்டுமென்றால் முன்குறி வையுங்கள். பிடிபியில் n என்றொரு மாறி இருந்து அதன் மதிப்பைப் பார்க்க நினைத்தால், அடுத்த வரிக்குத் தாண்டிவிடும், ஆச்சரியக்குறி போட வேண்டும். ஜாவாவின் ஜேஷெல் சாய்வுக்கோட்டையும், ஹாஸ்கெலின் ஜிஎச்சிஐ முக்காற்புள்ளியையும், ஐபைத்தான் சதவீதக் குறியையும் வைத்து இதைத் தவிர்க்கின்றன. என் தேர்வு முக்காற்புள்ளி. பைத்தான் கூற்று எதுவும் அதில் தொடங்காது. பாதியில் நிற்கும் பல வரிக் கூற்றின் நடுவே மட்டும் முன்குறியைச் சோதிக்காதீர்கள், அங்கே ஒரு வரி எந்தக் குறியிலும் தொடங்கலாம்.

பைப், ஃபைலுக்குத் திருப்புதல், மாற்றுப்பெயர் எல்லாம் வேண்டுமென்றால் சிஎம்டி2 என்ற தனிப் பேக்கேஜ் இருக்கிறது. ஆர்க்பார்ஸ் இணைப்பும், கட்டளைகளைத் தொகுதியாகப் பிரித்து ஏற்றும் கமாண்ட்செட்டும் அதில் தயாராக உண்டு. சர்வர் கருவிக்கு அதையே எடுங்கள். கடைக் கணினிக்கு, கூடுதல் பேக்கேஜ்களைப் பதிப்பு பார்த்துப் பராமரிக்க ஆள் இல்லாத இடத்துக்கு, சிஎம்டியும் மேலே சொன்ன கிளாஸ் அடுக்கும் போதும். அந்த அடுக்கு சுமார் 150 வரிக்குள் அடங்கும்.