ஸ்பெக்ட்ரம் மென்பொருள்: எச்.ஐ.வி.யும் பிறப்புக் கணக்கும்

அவெனிர் ஹெல்த் நிறுவனம் இலவசமாகத் தரும் ஸ்பெக்ட்ரம் மென்பொருளில்தான், ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸுக்கான நாடுவாரி எச்.ஐ.வி. மதிப்பீடுகள் போடப்படுகின்றன. டெம்ப்ராஜ் பகுதியில் மக்கள்தொகை, எய்ம் பகுதியில் தொற்றும் சிகிச்சையும். திரைகள் கொஞ்சம் பழைய வாடை, கணக்கில் குறையில்லை.

ரசிக்க வேண்டியது, தொற்றுள்ள பெண்களின் கருவுறுதலைத் தொற்றில்லாதவர்களோடு வயதுவாரியாக ஒப்பிடும் விகித அட்டவணை (1 என்றால் இரு தரப்பும் சமம்). 15–19 வயதில் அந்த எண் 1-க்கு மேல் நின்றால் பிழை என்று திருத்திவிடாதீர்கள். அந்த வயதில் தொற்றுள்ளவர்கள் பெரும்பாலும் உடலுறவு தொடங்கியவர்கள். மற்றவர்களில் பலர் தொடங்காதவர்கள். வயது ஏற ஏற எண் 1-க்குக் கீழே சரியும்: கருச்சிதைவு, பிற பால்வினை நோய்கள், கணவரின் மரணம் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

பலர் சறுக்குவது வேறிடத்தில். நாம் இடும் மொத்தக் கருவுறுதல் விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள்) முழு மக்கள்தொகைக்கானது, எச்.ஐ.வி.யின் பாதிப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. தொற்றைக் கூட்டினாலும் அந்த விகிதம் தானாகக் குறையாது. தொற்றே இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பார்க்க, விகிதத்தைக் கையால் உயர்த்தித் தனிக் கோப்பாக ஓட்ட வேண்டும். எவ்வளவு உயர்த்துவது? ஏஆர்டி (எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்துச் சிகிச்சை) பரவலாவதற்கு முன், சஹாராவுக்குத் தெற்கே, எச்.ஐ.வி. பரவலின் (தொற்றுள்ளோர் பங்கின்) ஒவ்வொரு சதவீதப் புள்ளிக்கும் மொத்தக் கருவுறுதலில் ஏறத்தாழ 0.4 சதவீதச் சரிவு என்பது மதிப்பீடு. பரவல் 10 சதவீதம், விகிதம் 5 என்றால் 5.2 போடலாம்.