எலக்ட்ரிக் பிக்கப், மூணு வருஷம், 64,000 கிலோமீட்டர்: வேகத்த விடுங்க, எடைய பேசுவோம்

வண்டி வாங்கி மூணு வருஷம் ஆச்சு, ஓடோமீட்டர் 64,000 தாண்டிருச்சு. எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன், சொன்னா பாதி பேர் கம்பெனிக்காக சண்ட போடுவாங்க, மீதி பேர் அந்த பாதி பேரோட சண்ட போடுவாங்க, வண்டிய பத்தி ஒருத்தரும் பேச மாட்டாங்க. ரெண்டு மோட்டார், 120 யூனிட் பேட்டரி, கிட்டத்தட்ட 3 டன் எடை. இது தெரிஞ்சா போதும்.

எலக்ட்ரிக் வண்டி அம்பு மாதிரி பாயும்னு சொல்றாங்கல்ல, அந்த வேகம் பத்தி சீக்கிரம் முடிச்சிடுறேன். அது நெஜம். மோட்டார் நின்ன எடத்துலயே முழு டார்க் (சக்கரத்த சுத்துற விசை) குடுக்குது, கியர் மாத்துற வேல இல்ல, மிதிச்சா போகுது. ஆனா முதல் ரெண்டு மாசம் தான் அந்த ஆட்டம், அப்புறம் நானே மிதிக்கிறத விட்டுட்டேன், பின் சீட்டுல இருந்து வர்ற திட்டு ஒரு காரணம், டயர் இன்னொரு காரணம், அதுக்கு வர்றேன்.

என் மச்சினன் டீசல் பிக்கப் வச்சிருக்கான். பாக்குறப்பெல்லாம் "மாமா, இந்த எலக்ட்ரிக் பிக்கப் சாகச வீடியோ எல்லாம் டுபாக்கூர்"னு ஆரம்பிப்பான். பாதி சரி. 2023ல டெஸ்லாவோட எலக்ட்ரிக் பிக்கப் சைபர்ட்ரக் டெலிவரி ஆரம்பிச்சப்போ ஒரு போர்ஷ 911 ஸ்போர்ட்ஸ் கார ட்ரெய்லர்ல இழுத்துக்கிட்டே இன்னொரு 911 அ ஜெயிக்கிற மாதிரி காட்டினாங்கல்ல, கால் மைல் ரேஸ்னு சொன்னாங்க, வீடியோவ நிறுத்தி நிறுத்தி அளந்து பாத்தவங்க அது கால் மைல்ல பாதி தான்னு கண்டுபிடிச்சாங்க, அதாவது 402 மீட்டர் இல்ல, 201 மீட்டர். கிளம்புற எடத்துல தான் எலக்ட்ரிக்குக்கு லாபம், தூரம் கூட கூட, பின்னாடி சுமை இல்லாத கார் எட்டிப் புடிச்சிடும், அதனால ரேஸ் முடியுற கோட்ட எங்க போடுறோம்ங்கறதுல தான் ஜெயிக்கிறதும் தோக்குறதும்.

அதே மாதிரி 2019ல ஃபோர்டு கம்பெனி அவங்க எஃப்-150 பிக்கப்போட எலக்ட்ரிக் சோதனை வண்டிய வச்சு ரயில் பெட்டிகள இழுத்தாங்க, மொத்தம் 12.5 லட்சம் பவுண்டு, நம்ம கணக்குல 567 டன். மச்சினன் கிராஃபிக்ஸ்னு அடிச்சு சொன்னான். கிராஃபிக்ஸ் இல்லடா, தண்டவாளத்துல இரும்பு சக்கரம் உருளுறதுக்கு எடையில ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்கு விசை இருந்தா போதும், ஆக 567 டன்னுக்கு ஏறக்குறைய ஒரு டன் இழுவிசை, 3 டன் வண்டிக்கு காஞ்ச ரோட்டுல ரெண்டு டன்னுக்கு மேலயே பிடிமானம் கெடைக்கும். ஏமாத்து வேல இல்ல, ஆனா நீங்க உங்க ட்ரெய்லர ரோட்டுல இழுக்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமும் இல்ல.

இழுக்குறதுன்னு வந்தா நான் பட்டத சொல்றேன். தனியா ஹைவேல 100ல போனா சுமார் 400 கிமீ வருது. பெட்டி மாதிரி உயரமான கேம்பர் ட்ரெய்லர (உள்ளயே தங்குற வண்டி) மாட்டினா 185. சரி எடை தானேன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் அதே எடைக்கு, ஒன்றரை டன், செங்கல்ல தாழ்வான திறந்த ட்ரெய்லர்ல ஏத்திட்டு அதே ரோட்டுல அதே வேகத்துல போனேன், கிட்டத்தட்ட 300 வந்துச்சு. அப்பத்தான் ஒக்காந்து கணக்கு போட்டேன். ஒன்றரை டன் கூடுதல் எடைக்கு டயர் உருளுற தடை 100 கிமீக்கு 4 யூனிட் சாப்பிடுது, அவ்ளோதான். அந்த பெட்டி முன்னாடி நின்னு கிழிக்கிற காத்து மட்டும் 30 யூனிட் பக்கம். காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 110ல போறதுக்கும் 90ல போறதுக்கும் காத்துக்கு செலவாகுற யூனிட்ல ஒன்றரை மடங்கு வித்தியாசம். இப்ப ட்ரெய்லர் மாட்டினா 85 தாண்ட மாட்டேன், பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். இதுல எந்த விளம்பரத்துலயும் வராத ஒரு கொடும என்னன்னா, நான் போற பெரும்பாலான சார்ஜிங் எடத்துல ட்ரெய்லரோட உள்ள நுழைய முடியாது, கழட்டி ஓரமா விட்டுட்டு, சார்ஜ் போட்டுட்டு, திரும்ப வந்து கொக்கி மாட்டி, லைட் எரியுதான்னு பாத்து, மழையில அதையே ஒரே பயணத்துல மூணு தடவ செஞ்சிருக்கேன்.

இனி எடை. முதல் செட் டயர் 31,000ல போச்சு. டயர் கடைக்காரர் உள் ஓரத்துல கட்டைவிரல வச்சு தடவிக் காட்டினார், அங்க பள்ளமே இல்ல, மழமழன்னு இருக்கு, வெளி ஓரத்துல மட்டும் இன்னும் பட்டை தெரியுது. "வண்டிய மெதுவா ஓட்டுங்கண்ணே"ன்னார், வேற ஒண்ணும் சொல்லல. பிரேக் பேட் மட்டும் அப்படியே இருக்கு, ரீஜென் புண்ணியம், அதாவது கால எடுத்தா மோட்டாரே வண்டிய இழுத்துப் புடிச்சு அந்த சக்திய கரன்ட்டா பேட்டரிக்கு திருப்பி அனுப்புறது. ஆனா அந்த ரீஜென்னே ஒரு நாள் பயமுறுத்திருச்சு. காலைல 100% சார்ஜோட கிளம்பி எறக்கத்துல ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தேன், வழக்கமா இழுத்துப் புடிக்கிற வண்டி சும்மா உருளுது, பேட்டரி ஃபுல், போற கரன்ட்ட எங்க வைக்கும். ஸ்க்ரீன்ல சின்னதா ஒரு எச்சரிக்கை வந்திருக்கு, நான் பாக்கல. பெடல் மிதிச்சேன், நின்னுச்சு, ஆனா 3 டன் நிக்கிறத அன்னிக்கு இடுப்புல உணர்ந்தேன். அன்னிலருந்து 90%ல நிறுத்திடுறேன்.

பாதுகாப்பு பத்தி தான் எனக்கும் மச்சினனுக்கும் உண்மையான சண்ட. அவன் சொல்றது, தகடு தடிப்பா விறைப்பா இருந்தா பாதுகாப்பு. தப்பு. 56 கிமீ வேகத்துல செவுத்துல மோதி முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்னா உள்ள இருக்கறவனுக்கு சுமார் 20 ஜி, அதாவது அவன் எடையப் போல 20 மடங்கு விசை, 30 சென்டிமீட்டர் தான் நசுங்குதுன்னா 40 ஜி. முன்பக்கம் நசுங்கணும், நாம ஒக்கார்ற கூண்டு நசுங்கக் கூடாது. என் பங்குக்கு நானும் ஒரு தப்பு சொல்லிட்டு இருந்தேன், மோதல் டெஸ்ட்ல அஞ்சு ஸ்டார் வாங்கிருக்கு அப்புறம் என்னன்னு. அமெரிக்காவோட சாலைப் பாதுகாப்பு அமைப்பு என்ஹெச்டிஎஸ்ஏ அந்த முன்பக்க டெஸ்ட்ட அசையாத தடுப்புல மோதித் தான் பண்ணுது, அதனால அந்த ஸ்டார அதே மாதிரி எடையுள்ள வண்டிங்களோட மட்டும் தான் ஒப்பிடணும்னு அவங்களே சொல்றாங்க. எதிர்ல வர்றது ஒன்றரை டன் கார்னா? ரெண்டு பேரும் 50ல நேருக்கு நேர் மோதினா என் வேகம் மாறுறது 33, அந்தக் கார்ல இருக்கறவனுக்கு 67. என் ஸ்டார் அவனுக்கு ஒண்ணும் பண்ணாது.

2024 ஜனவரியில வெளிவந்த அமெரிக்காவோட நெப்ராஸ்கா பல்கலைக்கழக டெஸ்ட் வீடியோ தான் என் வாய கொஞ்சம் அடைச்சுது. ரிவியன் ஆர்1டிங்கற எலக்ட்ரிக் பிக்கப், 3 டன்னுக்கு மேல, சுமார் 100 கிமீ வேகத்துல ரோட்டோர இரும்புத் தடுப்புல மோதுது, தடுப்பு கிழிஞ்சு வண்டி வேகம் பெருசா குறையாமயே அந்தப் பக்கம் போயிருது. வளைவுல நாம நம்பிட்டுப் போற தடுப்பு அது. இன்னொரு எலக்ட்ரிக் பிக்கப், ஹம்மர் ஈவி, 4 டன், யோசிச்சுப் பாருங்க. இத எலக்ட்ரிக்குக்கு எதிரான பேச்சுன்னு எடுத்துக்காதீங்க, மச்சினனோட டீசல் வண்டி கூட ஒண்ணும் எறகு இல்ல, ஆனா பேட்டரி சேரும்போது அதே சைஸ் வண்டியில இன்னும் பல நூறு கிலோ ஏறிருது, இந்த நம்பர ஷோரூம்ல யாரும் வாயத் திறந்து சொல்றதில்ல.

போன மாசம் அவன் வண்டி சர்வீஸ்ல இருக்குன்னு என்னுத ரெண்டு நாள் கேட்டான். திரும்பி வந்தப்போ சார்ஜ் 9%. "எங்கடா போன?"ன்னேன். சாவிய மேசையில வச்சுட்டு, "பக்கத்துல தான் மாமா, ஒரு நாலஞ்சு தடவ மிதிச்சுப் பாத்தேன்"ன்னான். ரெண்டாவது செட் டயர் இப்ப 33,000ல இருக்கு, உள் ஓரம் தொட்டுப் பாத்துட்டு தான் இத எழுத ஒக்காந்தேன்.