பொல்லா வோக்கரா, கொமட் கதிரையா புதுக் கொமட்டா: யாழ்ப்பாணத்து வீட்டுக்கு எது சரிவரும்?

எங்கட பழைய வீடுகளில் மலசலகூடம் வளவின் பின்பக்கம் இருக்கும். விறாந்தையில் ஏற இரண்டு படி, குசினிக்கு இறங்க ஒரு படி, நடுவில் மணல் முற்றம். மாரி தொடங்கினால் கிணற்றடிச் சீமெந்தில் பாசி பிடித்துவிடும். முதியவர்களுக்கென்று கடையில் விற்கும் உதவிச் சாமான்களில் பல, படியும் மணலும் இல்லாத வீட்டை மனதில் வைத்துச் செய்தவை. அதனால் விலையையும் பெயரையும் விட்டுவிட்டு, இந்த வளவுக்குள் எது உழைக்கும் என்று மட்டும் பார்க்கிறேன்.

மலசலகூடத்தில் இருந்து தொடங்குவோம், விழுகையும் வெட்கமும் அங்கேதான் கூட. முழங்கால் தேய்ந்தவர் ஒருவாறு குந்திவிடுவார், எழும்புவதுதான் பாடு. கொமட் கதிரை என்றால் நாலு கால், இருக்கையில் ஓட்டை, கீழே வாளி. வாளியைக் கழற்றிவிட்டுக் குந்தும் பேசினுக்கு மேலே வைக்கலாம், இரவில் வாளியோடு கட்டிலடியில் வைக்கலாம். உடைக்கிற வேலை எதுவும் இல்லை. ஆனால் பழைய மலசலகூடங்கள் ஒடுக்கம், பேசினின் மிதியடியும் தரையைவிட உயர்ந்து நிற்கும். நாலு காலும் ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால் கதிரை ஆடும். வாங்கப் போகமுன் உள்ளகலத்தை அளந்துகொண்டு போங்கள். இரும்புக் கதிரையைவிட அலுமினியம் நல்லது, தண்ணீர் படுகிற இடத்தில் இரும்பு கறள் பிடிக்கும். பிளாஸ்ரிக் கதிரையில் ஓட்டை வெட்டிப் பாவிக்கும் வழக்கமும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். இருக்கையை வெட்டினால் அதன் பலம் போகும், ஈரத்தரையில் கால்கள் விரியும்.

மற்ற வழி, மேசனைப் பிடித்துப் பேசினை எடுத்துவிட்டு, கதிரைபோல இருந்து பாவிக்கும் கொமட் வைப்பது. குழி நல்லாயிருந்தால் அதையே பாவிக்கலாம். செலவு கூடத்தான், ஆனால் வீட்டில் எல்லாருக்கும் உதவும். கடையில் கிடைக்கும் கொமட் ஏறக்குறைய 16 அங்குல உயரம். முழங்கால் நோக்காட்டுக்காரருக்கு 17, 18 வசதி. ஆகவே அடியில் இரண்டு அங்குலம் சீமெந்து மேடை போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஏற்கனவே கொமட் இருந்தால், மேலே பூட்டும் உயர்த்திய இருக்கை போதும், இறுக்கமாகப் பூட்ட வேண்டும். என் கணக்கு இதுதான்: சத்திரசிகிச்சை முடிந்து சில கிழமைக்கு என்றால் கதிரை, முழங்கால் நிரந்தரமாகப் போய்விட்டது என்றால் மேசன்.

எதை வைத்தாலும் பக்கத்தில் ஒரு பிடி வேண்டும். இங்கேதான் பெரிய ஏமாற்று. ரப்பர் கிண்ணத்தால் சுவரில் ஒட்டும் கைப்பிடி மலிவு, துளைபோடத் தேவையில்லை, பார்க்கவும் வடிவு. அது காற்றுப் புகாத வழுவழுப்பான பரப்பில்தான் நிற்கும். எங்கள் சுவர் சீமெந்துப் பூச்சு, மேலே பெயின்ற். ரைல்ஸ் பதித்திருந்தாலும் பொருத்துகளில் காற்றுப் புகும். போதாததற்கு யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் வன்தண்ணீர், காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் படிவு. காலையில் உறுதியாக இருக்கும் பிடி, ஆள் பாரம் போட்டு இழுக்கும் நேரத்தில் கையோடு வரும். அதை வாங்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆணி பூட்டும் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் பிடியே வழி. தரையில் இருந்து 33 முதல் 36 அங்குல உயரம், கை சுற்றிப் பிடிக்க ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலத் தடிப்பு. சுவர் உள்ளே வெறுமையான சீமெந்துக் கல் என்றால் சாதாரண பிளக் ஆணி கழன்றுவிடும். சுவரை ஊடுருவி போல்ற் போட்டு, வெளிப்பக்கம் தகடு வைத்து இறுக்க வேண்டும். “பிடிக்கும் அண்ணை, பயப்பிடாதேங்கோ” என்று மேசன் சொன்னால், அவரையே ஒருக்காத் தொங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நடப்பதற்கு மூன்று சாமான். ஒற்றைப் பொல்லு மணலிலும் படியிலும் போகும். நாலுகால் பொல்லு மட்டமான தரையில் நல்ல உறுதி, ஆனால் நாலு முனையும் ஒன்றாக ஊன்ற வேண்டும், முற்றத்து மேடுபள்ளத்தில் அது ஆட்டம் காணும். வோக்கர், இரண்டு கையாலும் பிடித்து நடக்கும் நாலுகால் சட்டம், வீட்டுக்குள் ராசா. சில்லில்லாததை ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வைக்க வேண்டும், முன்சில்லுப் பூட்டியது வழுக்கிக்கொண்டு போகும். மணலில் சில்லுப் புதையும், படியில் எதுவும் சரிவராது. எனவே உள்ளே வோக்கர், வெளியே பொல்லு. அதைவிட, பின்கதவில் இருந்து மலசலகூடம் மட்டும் ஒரு சொரசொரப்பான சீமெந்துப் பாதையும் ஒரு பக்கம் பைப் கைப்பிடியும் போட்டால் மூன்று சாமானின் வேலையும் பாதியாகும்.

பொல்லின் உயரம் முக்கியம்: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், பலர் நோகிற பக்கமே பிடிக்கிறார்கள். அடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். “பொல்லுப் பிடிச்சா கிழவியாப் போவன்” என்று குடையை ஊன்றிக்கொண்டு கோயிலுக்குப் போகும் அம்மாக்களுக்கு ஒன்று: குடையின் முனை சீமெந்தில் வழுக்கும், உயரமும் கூட்டிக் குறைக்க ஏலாது.

குசினியில் பெரிய சண்டை தேங்காயோடு. திருவலையில் குந்தியிருந்து திருவ முழங்கால் விடாது. மேசை விளிம்பில் திருகி இறுக்கும் கைச்சுற்றுத் திருவியைக் கதிரையில் இருந்தே சுற்றலாம், பெரும்பாலானோருக்கு அதுதான் பொருத்தம். விரல் மூட்டு வீங்கியவருக்குச் சுற்றவும் நோகும். கரண்டில் ஓடுவது அவருக்கு உதவும், கண்பார்வை மங்கலானவருக்கு ஆபத்து, விரலுக்குப் பக்கத்தில் அலகு சுழல்கிறது. பழகிய திருவலையை உயரமான வாங்கில் பூட்டித் தருமாறு தச்சரிடம் கேட்பதும் ஒரு வழி, கைப்பழக்கம் மாறாது. தேங்காய்ப் பால்மாவைப் பற்றிப் பேச வேண்டாம், சொதி வைக்கிற அம்மம்மா ஒத்துக்கொள்ளமாட்டா. கரண்ட் சாமான் கனடாவில் இருந்து வருகிறதென்றால் அடியில் உள்ள எழுத்தை வாசியுங்கள்: அங்கே 120 வோல்ற், இங்கே 230. 100–240 என்று போட்டிருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்றால் சொருகின உடனே எரிந்துபோகலாம்.

வெளிச்சத்துக்கு ரோச் லைற் போதும் என்பார்கள். அது ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், மற்றக் கையில் பொல்லு, கதவை எதனால் திறப்பது? ஆள் அசைந்தால் தானாக எரியும் பற்றரி விளக்கைக் கட்டிலடியில் ஒன்று, கதவடியில் ஒன்று ஒட்டுங்கள், கரண்ட் போனாலும் எரியும். வெளிப்பாதைக்குச் சூரிய ஒளியில் சார்ஜாகும் விளக்கு வசதி. ஆனால் கார்த்திகை மார்கழியில் வானம் மூடிக் கிடக்கும்போது விடியுமட்டும் தாங்காது, அந்த மாதங்களுக்கு வயர் இழுத்த பல்ப் ஒன்றும் அங்கே இருக்கட்டும், சுவிச் கட்டில் பக்கம்.